எத்தனை அட்டை மாறியது?

அவர் மூக்குப்பொடி போடுகிறார் என்றால் எங்கேயோ ஒரு எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். வரும் வரைக்கும் பொடி டப்பா மேசை மேல் மூடியபடியே கிடக்கும். வந்த பிறகு மூடியை விரலால் தட்டித் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். அப்புறம்தான் கையெழுத்து.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அட்டைப் பிரிவுக்குத் தலைவர். பேரைச் சொல்லமாட்டேன். சொன்னாலும் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆபீசில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பேர் 'எத்தனை சார்'. எதைச் செய்து முடித்துவிட்டுப் போய் நின்றாலும், முடிஞ்சுதா என்று கேட்கமாட்டார். எத்தனை என்றுதான் கேட்பார்.

அந்த நாளில் எங்கள் காஞ்சிபுரத்தில் சங்கத்துத் தறி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. தறியில் நீளவாக்கில் கட்டுவதற்குச் சங்கம் கொடுக்கும் பாவு நூலையும் பட்டையும் ஜரிகையையும் வாங்கி வந்து, வீட்டுத் தறியில் நெய்து, சேலையாகத் திருப்பிக் கொடுத்தால் கூலி. அட்டையில் நெய்பவர் பேர், தகப்பன் பேர், தெரு, கதவு இலக்கம், கூலி விகிதம் எல்லாம் இருக்கும். மர இழுப்பறைகளில் தெருவாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் மனுஷன். சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டால் பாவு கிடையாது. பாவு இல்லையென்றால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மேலே இருந்து உத்தரவு வரும். இந்த மாதிரிக் கரை போடுகிறவர்களுக்குக் கூலியை மாற்று, அந்தத் தெருவுக்குப் பேர் மாறிவிட்டது, திருத்து, இப்படி. உத்தரவு வந்ததும் அவர் முதலில் ஒரு துண்டுச் சீட்டில் ஓர் எண்ணை எழுதி, மடித்து, கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்துவிடுவார். இந்த உத்தரவு எத்தனை அட்டையைத் தொட வேண்டும் என்று அவர் போட்ட கணக்கு அது. கிளார்க் இழுப்பறையைத் திறந்து ஒவ்வொரு அட்டையாகத் திருத்துவார். ஒன்று திருத்தியதும் பக்கத்தில் இருக்கும் பித்தளை டம்ளரில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். முடிந்ததும் டம்ளரை அவர் மேசையில் கவிழ்த்து எண்ண வேண்டும். அதன் பிறகு அவர் சீட்டைப் பிரிப்பார்.

கொட்டை குறைந்திருந்தால் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார். விட்டுப்போனதைத் தேடச் சொல்வார். கூடியிருந்தால்தான் ஆபத்து. முகம் சுண்டிவிடும். துரைசாமி என்று ஒரு கிளார்க் இருந்தார், எனக்குச் சீனியர். இந்தப் பழைய கதையெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். ஒரு தடவை அவர் டம்ளரில் இரண்டு கொட்டை கூடுதலாக வந்ததாம். ரெண்டுதானே சார் என்று சொல்லிவிட்டார் பாவம். "விட்டுப்போனவனுக்கு நாளைக்குப் பண்ணிக்கலாம்பா. கூட அடிச்சிருக்கியே, அவன் யாரு? அவன் இன்னா பண்ணான்?" என்று கேட்டாராம். அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்தும் ஒருத்தரையும் எழுந்திருக்க விடவில்லை. அந்த இரண்டு அட்டையும் வெளியே வந்த பிறகுதான் டிபன் டப்பாவைத் திறக்க முடிந்ததாம்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒரு தெருவின் பேரைத் திருத்த உத்தரவு வந்தது. பாதி அட்டைகளில் புதுப் பேரே ஏற்கெனவே இருந்தது. துரைசாமி அதன் மேலேயே மறுபடி அதையே எழுதி, அதற்கும் கொட்டை போட்டுவிட்டார். எண்ணிக்கை எகிறிவிட்டது. எத்தனை சார் அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தொட்டதையும் மாறினதையும் ஒன்றாகப் போட்டு எண்ணினால் எனக்கு என்ன தெரியும் என்று எகிறினாராம். அன்றிலிருந்து மாறியதற்கு மட்டும்தான் கொட்டை.

கொட்டையே விழவில்லை என்றால் அதுவும் அவருக்கு ஒரு சேதிதான். ஒண்ணுமே மாறல சார் என்று யாராவது காலி டம்ளரோடு வந்தால், விடமாட்டார். அப்படி ஓர் அட்டையே இல்லையா, இல்லை, இருந்தும் முன்னாடியே மாறியிருக்கிறதா? இரண்டில் எது என்று தெரியாமல் என் எதிரில் வந்து நிற்காதே என்பார். சில நாள் ஒரே ஓர் அட்டைக்காக இழுப்பறை மொத்தத்தையும் தரையில் பரப்பியிருக்கிறார்களாம்.

என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து எதையோ தட்டினான். திரையில் இத்தனை வரிகள் மாறின என்று ஓர் எண் வந்தது. கரெக்டா வந்துடுச்சிம்மா என்று கையைத் தட்டிக்கொண்டான். யார் யார்டா என்றேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, நம்பர் சரியா இருக்குதும்மா, அப்புறம் இன்னா என்றான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கு இந்தக் கதையை நான் சொன்னதே இல்லை.

எங்கள் வீடு பாவடித் தெருவில். விடிந்தும் விடியாமலும் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருக்கும், குனிந்துதான் கடக்க வேண்டும். நைனா குழித்தறிக்காரர். பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கமாட்டார். அம்மா தார் சுற்றுவாள், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடும் நூல் சுருளை. நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, கல்யாணம் எப்போது என்று எல்லோரும் கேட்கிற வயசில் வீட்டில் இருந்தேன்.

அந்த வருஷம் முனிசிபாலிட்டிக்காரர்கள் கதவு இலக்கத்தை எல்லாம் மாற்றினார்கள். வீடுகள் பாகம் பிரிந்து, ஒரே இலக்கத்தில் மூன்று குடும்பம் இருந்ததால், தெரு முனையிலிருந்து புதிதாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தன் தார்ச்சட்டியைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தன் கதவுக்குப் பக்கத்தில் எழுதினான். எங்கள் வீடு இருபத்து மூன்றாக இருந்தது முப்பத்தொன்று ஆயிற்று. தெருமுனைப் பக்கமாக எங்களுக்கு முன்னால் இருக்கிற ஒரு வீடு, பதினேழாக இருந்தது, இருபத்து மூன்று ஆயிற்று. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் அட்டைகளையும் திருத்த வேண்டி வந்தது. துரைசாமி முதலில் ஒரு தெருவைத் தலைமாட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். இரண்டை மூன்றாக்கினார். அடுத்து மூன்றை நான்காக்கப் போனால், பெட்டியில் மூன்றாம் இலக்கத்தில் இரண்டு அட்டை இருந்தன, பழைய மூன்றும் இப்போது திருத்திய மூன்றும். இரண்டையும் நான்காக்கிவிட்டார். நாலு வீடு போவதற்குள் தெருவே ஒரே வீட்டில் குடியிருக்கிற மாதிரி ஆகிவிட்டது. டம்ளரைக் கவிழ்த்ததும் அவர் கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி, தெருவின் கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கி வரச் சொன்னார். பெரிய இலக்கத்தை முதலில் மாற்றினால் சின்னது வந்து உட்காரும்போது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் அல்லவா? ஆபீசே வாயைப் பிளந்தது. இரண்டு சிட்டிகை பொடி போட்டாராம் அன்றைக்கு.

அப்படியே ஒவ்வொரு தெருவாக முடித்து, கடைசியாகப் பாவடித் தெருவுக்கு வந்தார்கள். கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு வரைக்கும் திருத்தியாயிற்று. அன்றைக்கு துரைசாமிக்கு உடம்பில் அம்மை போட்டது. வேப்பிலையில் படுத்துவிட்டார். அப்புறம் அரையாண்டுக் கணக்கு வந்தது. வேலை அங்கேயே நின்றது. எங்கள் வீட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் அட்டைகளில் பழைய இலக்கம். கதவுகளில் புது இலக்கம்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்துப் பட்டு வெளியே போகிறது என்று புகார் வந்தது. சிலர் சங்கத்தில் வாங்கிய பட்டில் மிச்சம் பிடித்து வெளி முதலாளிகளுக்கு விற்றார்கள். உண்மைதான், விற்றார்கள். சங்கம் ஒரு சூப்பர்வைசரை அனுப்பித் தெருத் தெருவாக ரகசியமாக விசாரித்தது. அவர் யாருடைய பேரையும் எழுதவில்லை. பேரை எழுதுவதைத் தெருவில் யாராவது பார்த்துவிட்டால் அடி விழும். கதவைப் பார்த்து இலக்கத்தை மட்டும் சிகரெட் பெட்டி அட்டையில் குறித்துக்கொண்டு போனார். மொத்தம் பதினேழு தறி. பாவடித் தெருவில் ஒன்றே ஒன்று, இருபத்து மூன்று.

பதினேழு அட்டையையும் நிறுத்து என்று உத்தரவு. துரைசாமிக்குப் பதிலாக வந்திருந்த ஆள் இழுப்பறையைத் திறந்து, தெருவையும் இலக்கத்தையும் பார்த்து, எடுத்து எடுத்துச் சிவப்புக் கோடு போட்டான். பாவடித் தெரு இருபத்து மூன்று என்று தேடினால் பெட்டியில் ஒரே அட்டைதான் இருந்தது. என் நைனாவின் அட்டை. டம்ளரைக் கவிழ்த்தார்கள். பதினேழு கொட்டை. சீட்டைப் பிரித்தார். பதினேழு. பொடி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பாவடித் தெரு பாதியில் நிற்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டார் என்றும் நான் சொல்லமாட்டேன். எண்ணிக்கை பொருந்திவிட்டது, அதற்கு மேல் நினைத்துப் பார்க்க அவருக்குக் காரணமே வரவில்லை. அவ்வளவுதான்.

நைனா பாவு வாங்கப் போனபோது ஸ்டோரில் இருந்தவன் எல்லார் எதிரிலும் சொன்னான், உனக்குக் கிடையாது, நீ பட்டு வித்திருக்கே என்று. நைனா சிரித்தாராம், கிண்டல் செய்கிறான் என்று. பிறகு புரிந்ததும் நேரே அட்டைப் பிரிவுக்குப் போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றார். அவர் நைனாவை உட்காரச் சொல்லியிருக்கிறார். மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். திட்டியிருந்தால் நைனாவும் பதிலுக்குத் திட்டியிருப்பார், சத்தம் வந்திருக்கும், நாலு பேர் கூடியிருப்பார்கள்.

"பதினேழு நிறுத்தச் சொன்னாங்க, பதினேழு நிறுத்திக்கிது. உன்னைத் தப்பா அடிச்சிருந்தா பதினெட்டா வந்திருக்கும்பா. வரலியே" என்றாராம். நைனா வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொல்லிவிட்டு, பள்ளத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள்தான் நான்.

எந்த இலக்கத்தைப் பார்த்து அடித்தார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ரகசிய விசாரணை அல்லவா. சொல்லியிருந்தால் ஒரே பேச்சில் முடிந்திருக்கும். எங்கள் கதவில் முப்பத்தொன்று என்று தார் மங்காமல் பளபளத்துக்கொண்டிருந்தது.

அம்மா போனாள். அவளுக்கும் தண்ணீர் கொடுத்து அதையே சொல்லி அனுப்பினார். மறுபடி போனாள். அப்போதும் சீட்டை எடுத்துக் காட்டினார். வரும் வழியெல்லாம் அவள் அழவில்லை. தெருவுக்குள் நுழைந்ததும், பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அப்போதுதான் அழுதாள்.

வெளி முதலாளி யாரும் நைனாவுக்குப் பாவு கொடுக்கவில்லை. பட்டுத் திருடன் என்று பேராகிவிட்டதே, யார் நம்பிக் கொடுப்பார்கள்? இதில் கூத்து என்னவென்றால், திருட்டுப் பட்டை வாங்கியவர்களே அந்த முதலாளிகள்தான். அரிசி அப்போது கிடைக்காத காலம். ரேஷனில் போட்ட கோதுமையை வாங்கக்கூடக் கையில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. நைனா வாலாஜாபாத் போய் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனார். உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு. கால் இரண்டும் குச்சி மாதிரி இருக்கும். லாரிக்குச் சாய்த்து வைத்த பலகையில் முதுகில் மூட்டையோடு ஏறும்போது கால் வழுக்கியது. மூட்டை மேலே விழுந்தது.

பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்தார். பேச்சு வந்த போதெல்லாம் ஒன்றைத்தான் சொன்னார். "நான் விக்கலடி." அம்மாவைப் பார்த்துச் சொல்வார், என்னைப் பார்த்துச் சொல்வார், ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்தும் சொன்னார். எங்களுக்குத் தெரியும் நைனா, தெரியும் என்போம். அது அவருக்குப் போதவில்லை.

பாடை தூக்கியவர்களில் ஒருத்தன் புது இருபத்து மூன்றாம் வீட்டுக்காரன். விற்றது அவன். தான் தப்பியது எப்படி என்று அவனுக்கும் தெரியாது, ஆனால் தான் விற்றதும், அடி வேறு யாருக்கோ விழுந்திருப்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். நல்ல தோள். கடைசி வரைக்கும் மாற்றாமல் சுமந்தான்.

துரைசாமி அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உடம்பு தேறி, மாதக்கணக்கில் கழித்துத்தான் ஆபீசுக்கு வந்தார். விட்ட இடத்திலிருந்து பாவடித் தெருவை ஆரம்பித்தார். முதல் அட்டையே எங்களுடையது, பழைய இருபத்து மூன்றைப் புது முப்பத்தொன்றாக்க வேண்டும். இழுப்பறையில் அட்டை இல்லை. ஒண்ணும் மாறல சார் என்று போய் நின்றார். இல்லையா, முன்னாடியே மாறியிருக்குதா என்று இவர் வழக்கம்போலக் கேட்டார். துரைசாமி முப்பத்தொன்றைப் பார்த்தார், அங்கேயும் இல்லை. அப்படியானால் அட்டை எங்கே போயிற்று? இவரே எழுந்துபோய் தேடினார். நிறுத்திய பதினேழு அட்டைக் கட்டைப் பிரித்தார். அதில் பழைய இலக்கத்தோடு, சிவப்புக் கோட்டோடு, நைனா இருந்தார்.

துரைசாமி சொன்னார், அவர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்ப வழி தெரியாதவர் மாதிரி நின்றார் என்று. பிறகு அதிலேயே நிறுத்தத்தை ரத்து செய்து கையெழுத்திட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த உச்சி வெயிலில் கிளம்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் அன்றைக்குக் கருமாதி முடிந்த மறுநாள். அம்மா தலைவாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே தறி ஓரத்தில் இருந்தேன். அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லி. முழுக்கைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கதவில் இருந்த தார் இலக்கத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அம்மாவை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நெற்றி தெரிந்திருக்கும்.

"அட்டையைச் சரி பண்ணிட்டேம்மா. தப்பு எங்களோடதுதான். நாளைக்கே வந்து பாவு வாங்கிக்கச் சொல்லு" என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். "யாரை?" என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். அவர் அப்போதுதான் அவள் நெற்றியைப் பார்த்தார். அட்டையை மறுபடி செய்தித்தாளில் சுற்றினார். அப்படியே சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். தெரு முனை வரைக்கும் அந்தச் சைக்கிள் கிறீச் கிறீச்சென்று கேட்டது. வந்து பார்க்க எனக்கு மனசில்லை.

சங்கம் அனுதாபத்தில் எனக்கு வேலை கொடுத்தது. அதே அட்டைப் பிரிவில். போகமாட்டேன் என்றேன். அம்மாதான் தலையை வாரிப் பின்னி, கரையில்லாத மொட்டைப் புடவை ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். "போ. அந்த ஆள் எதிர்லயே உக்காரு. தினம் உன் மூஞ்சியைப் பாத்துக்கினே இருக்கட்டும்" என்றாள். என் ஜாடை நைனாவின் ஜாடை. அதற்காகவே நான் போனேன், சம்பளத்துக்கு மட்டும் இல்லை.

வருஷக் கணக்கில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை ஏறிட்டுப் பார்ப்பார், தலையைத் தாழ்த்திக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் என் மேசையை இடம் மாற்றவில்லை. பாவடித் தெரு இழுப்பறை என் பொறுப்பு. முதல் நாளே திறந்து பார்த்தேன். முப்பத்தொன்றில் நைனாவின் அட்டை இருந்தது. இறந்தவர் அட்டையை எடுத்துத் தனியே கட்டி வைப்பதுதான் வழக்கம். இவர் எடுக்கவில்லை. உயிரோடு நெய்கிறவர் அட்டை போலவே நடுவில் நின்றது.

நானும் எடுக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. தெருவுக்கே கூலி உயர்வு வரும். ஒவ்வொரு அட்டையாகத் திருத்திக்கொண்டு வருவேன். நைனாவின் அட்டை வரும். அதிலும் பழைய கூலியை அடித்துப் புதுக் கூலி எழுதுவேன். ஒரு புளியங்கொட்டையை எடுத்து டம்ளரில் போடுவேன். அவர் எதிரில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அவர் எழுதி மடித்து வைத்த சீட்டிலும் அந்த ஒன்று சேர்ந்தே இருக்கும். செத்த பிறகு என் நைனாவுக்கு எத்தனையோ கூலி உயர்வு வந்தது.

வருஷா வருஷம் ஆடிட்டர் வருவார். தறியை எண்ணினால் ஒன்று குறையும், அட்டையை எண்ணினால் ஒன்று கூடும். ஒண்ணு கூடுதலா இருக்குதே என்பார். கூடுதல் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுண்டுகிற மனுஷன், இருக்கட்டும் சார், எனக்குத் தெரியும் என்பார்.

பொடி போடுவதை அவர் விடவில்லை. ஆனால் எண்ணிக்கை சரியாக வந்ததற்காகப் போட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை என்று கேட்பார், சொல்வோம், சீட்டைப் பிரிப்பார், பொருந்தும். உடனே, யார் யார் என்பார். மாறிய அட்டை ஒவ்வொன்றையும் பேர், தகப்பன் பேர், கதவு இலக்கத்தோடு உரக்கப் படிக்க வேண்டும். முந்நூறு அட்டையாக இருந்தாலும் படிக்க வேண்டும். நிறுத்த உத்தரவு என்றால் இன்னும் மோசம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான் கையெழுத்து. வேலை தேங்கியது. பாவு கிடைக்கத் தாமதமாயிற்று. எங்கள் தெருக்காரர்களே அந்த ஆள் எங்கள் வயிற்றில் அடிக்கிறான் என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். மண்டை கழண்டுவிட்டது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். செயலாளர் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அதற்கும் அசையவில்லை.

ஒரே ஒரு தடவை அதைப் பற்றி என்னிடம் பேசினார். சாப்பாட்டு வேளை, மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். டம்ளரைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "கூடியிருந்தா பாத்திருப்பேம்மா. குறைஞ்சிருந்தாலும் பாத்திருப்பேன். சரியா இருந்திச்சி."

எனக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. அதே சமயம் பாவமாகவும் இருந்தது. அந்த இரக்கம் வந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எழுந்துபோய் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, அடுத்த அட்டையை எடுத்தேன்.

இருபத்து மூன்றாம் வீட்டுக்காரனைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவன் அட்டையை அப்புறம் நிறுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. வெளி முதலாளிகளோடு சேர்ந்து தானும் முதலாளி ஆகிவிட்டான். கோபுரத் தெருவில் மாடி வீடு கட்டினான். நன்றாக இருக்கட்டும்.

அவர் ரிட்டயர் ஆன கையோடு செத்துப்போனார். சேதி வந்தபோது நான் போகவில்லை. அம்மா போனாள். யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு வந்து, கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு தறிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஏன் போனாய் என்று கேட்டேன். புடவையை மாற்றப் போனாள்.

அவர் இடத்துக்கு ஒரு புது சார் வந்தார். இளவயசு, சுறுசுறுப்பு. டம்ளரையும் கொட்டையையும் பார்த்துச் சிரித்தார். வேலை மளமளவென்று நகர்ந்தது, தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். வந்த மாதமே ஆடிட்டர் குறிப்பைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பாவடித் தெருவில் ஒரு அட்டை ரொம்ப வருஷமாகக் கூடுதலாக இருக்கிறதாம், செத்த ஆளாம், எடுத்துவிட்டு வாருங்கள் என்றார்.

இழுப்பறையைத் திறந்தேன். முப்பத்தொன்று. அட்டையின் ஓரங்கள் என் விரல் பட்டே மழுங்கியிருந்தன. அந்தச் சிவப்புக் கோடு வெளுத்து, அதன் மேல் அவருடைய கையெழுத்து, அதற்குக் கீழே என் கையால் எழுதி எழுதி அடித்த கூலிகள். வெளியே எடுத்தேன். இறந்தவர்கள் கட்டில் வைத்து நாடாவை முடிந்தேன். பழக்கதோஷம், ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட்டேன்.

"எத்தனை எடுத்தீங்க?" என்றார் புது சார், பைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒண்ணு சார்."

"கரெக்ட்" என்று கையெழுத்துப் போட்டார். நான் அங்கேயே நின்றேன். இன்னும் என்னம்மா என்பது போலப் பார்த்தார். யார் என்று அவர் கேட்கவில்லை.